பாலோலெம் விடுதிக்கு விமான நிலையத்திலிருந்து கார்: முன்பதிவுக்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

பாலக்கோட்டைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வயதான பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேராக அவர்கள் கோவா செல்கிறார்கள். தங்கப்போவது தெற்குக் கோவாவில், பாலோலெம் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில். அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. பெங்களூருவிலிருந்து புறப்பட்டு இரவு 9.40க்கு கோவாவின் மோபா விமான நிலையத்தில் இறங்கும் விமானம் மலிவாகக் கிடைக்கிறது. விடுதிக்காரர்கள் தங்கள் காரை அனுப்ப ஒரு தொகை சொல்கிறார்கள். ஓர் இணையதளம் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. நண்பர்களோ இறங்கிய பிறகு அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

கிருஷ்ணகிரியில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரைப் பற்றிய முடிவை விமானச் சீட்டு எடுக்கும் வேளையிலேயே எடுத்துவிட வேண்டும். சீட்டு எடுத்தபின் காருக்கு விலை விசாரிப்பது பாதி பேரத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதற்குச் சமம். கோவாவைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை, ஏனென்றால் அங்கே விமான நிலையங்கள் இரண்டு. ஒன்று வாஸ்கோ அருகிலுள்ள பழைய தபோலிம். மற்றொன்று 2023 ஜனவரியில் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட மோபா, அதாவது மனோகர் பன்னாட்டு விமான நிலையம். இது மாநிலத்தின் வடகோடியில், பெர்னெம் தாலுகாவில், மகாராஷ்டிர எல்லைக்கு அருகில் இருக்கிறது. பாலோலெமோ தென்கோடியில் காணகோண தாலுகாவில், கர்நாடக எல்லைக்கு அருகில் இருக்கிறது. ஆக, மோபாவில் இறங்கிப் பாலோலெம் செல்பவர் கோவா மாநிலத்தை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் கடந்தாக வேண்டும்.

தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேரம் இரண்டரை முதல் மூன்று மணி. தபோலிமிலிருந்து அதே விடுதிக்கு 65 கிலோமீட்டர் அளவில்தான் வரும், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மோபாவிலிருந்து செல்லும் சாலை மாப்புசா, பணஜி, ஜுவாரி பாலம், மட்காவ் என்று நகரப் பகுதிகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது. மாப்புசாவுக்கும் பணஜிக்கும் இடையிலுள்ள நெரிசலில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு வழிகளுக்கும் கடைசிப் பகுதி ஒன்றுதான்: குங்கொலிம் தாண்டியதும் கர்மல் மலைப்பாதை வரும். தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பழகியவருக்கு அது பெரிய ஏற்றம் அல்ல. ஆனால் இருபுறமும் காடு, அடுத்தடுத்து வளைவுகள், பல இடங்களில் விளக்கும் இல்லை. இரவு 9.40க்கு இறங்கி, பெட்டிகள் கைக்கு வரப் பத்தேகால் ஆகி, அதன்பின் புறப்பட்டால், உங்கள் பெற்றோர் அந்த வளைவுகளில் இருக்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும். விடுதி வாசலை அடைய ஒரு மணியைத் தாண்டும். முதல் நாள் அறை வாடகையின் பெரும்பகுதி வீண். மறுநாள் காலையும் தூக்கத்தில் போய்விடும்.

எனவே விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து மோபாவை மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஆறு சீட்டுகளில் மிச்சமாகும் தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் கூடுதலான 40 கிலோமீட்டருக்கு உரிய கார் கட்டணம், இரவுக் கட்டணம், திரும்பும்போதும் அதே வேறுபாடு ஆகியவற்றைக் கூட்டி எழுதுங்கள். கோவாவில் சுற்றுலா டாக்சிகளின் நீண்ட தூரக் கட்டணத்தில் வண்டி காலியாகத் திரும்பி வருவதற்கான தொகையும் ஏதோ ஒரு வகையில் சேர்ந்தே இருக்கும் என்பதால், தூரம் கூடும்போது அங்கே செலவு நம் ஊர் கணக்கைவிட வேகமாக ஏறுகிறது. பெங்களூருவிலிருந்து இரண்டு விமான நிலையங்களுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. உங்கள் நிலையில் நான் இருந்தால், தபோலிமில் பிற்பகலில் இறங்கும் விமானத்தைத்தான் எடுப்பேன். தபோலிம் அடிப்படையில் கடற்படையின் ‘ஹன்சா’ தளம். கடற்படைப் பறப்புப் பயிற்சிக்காக வார நாட்களின் முற்பகலில் பயணிகள் விமானங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்துவருவதால் பிற்பகலில்தான் அங்கே விமானங்கள் நெருக்கமாக வருகின்றன. அது உங்களுக்கு வசதியே. இரண்டரை மணிக்கு இறங்கினால் மாலை வெயில் தணிவதற்குள் கடலைப் பார்த்துவிடலாம்.

இதுவே நீங்கள் மோர்ஜிம், அரம்போல், வகாத்தோர், அஞ்சுனா, கலங்குட் போன்ற வடக்குக் கடற்கரைகளில் தங்குவதாக இருந்தால் என் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும்: மோபாவிலேயே இறங்குங்கள், முன்பணச் சீட்டு (ப்ரீபெய்டு) டாக்சி எடுங்கள், எல்லாம் 40 கிலோமீட்டருக்குள்தான்.

இனி காரை யாரிடம் பதிவு செய்வது என்பதற்கு வருவோம். நம் பகுதி மக்கள் பெங்களூருவில் ஓலா, ஊபர் பழகியிருப்பதால் கோவாவிலும் இறங்கியவுடன் கைபேசியில் வண்டி அழைக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த இரண்டும் அங்கே ஓடுவதில்லை. உள்ளூர் டாக்சிக்காரர்களின் சங்கங்கள் செயலி வழி டாக்சிகளை நெடுங்காலமாக எதிர்த்துவருகின்றன. மாநில சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் 2018இல் வந்த ‘கோவாமைல்ஸ்’ செயலி ஒன்று இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து புறப்படுவதற்கு அது பயன்படும். ஆனால் தெற்கில் ஒரு கடற்கரைக் கிராமத்து விடுதி வாசலுக்கு விடியற்காலையில் அதன் வண்டி வந்துவிடும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. விடுதிகளின் வாசலிலுள்ள டாக்சி நிறுத்தங்களில் உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கவழக்க உரிமை ஒன்று இருக்கிறது. வெளி வண்டி வந்து ஆள் ஏற்றினால் வாக்குவாதம் எழுவது அங்கே புதிதல்ல. நியாயம் யார் பக்கம் என்ற விவாதம் வேறு. விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் அந்த விவாதத்தின் நடுவில் பெட்டியுடன் நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

விமான நிலைய முகப்பில் முன்பணச் சீட்டு டாக்சிக்கான கவுன்ட்டர் உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்னால் நிர்ணயித்த கட்டணத்துக்கு இரசீது தருவார்கள். அதில் வண்டி எண் இருக்கும். அந்த இரசீதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் விடுதியில் இறங்கும்போது கொடுங்கள். பகலில், இளைஞர்கள் இருவர் மூவராகச் செல்லும்போது இந்த ஏற்பாடு முற்றிலும் போதுமானது. உங்கள் நண்பர்கள் சொன்னதும் அந்த அளவில் சரிதான். ஆறு பேருக்குப் பெரிய வண்டி அந்த நேரத்தில் வரிசையில் இருக்குமா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் இரண்டு சிறிய கார்களில் பிரிந்து செல்ல நேரும். உங்கள் தந்தையும் தாயும் இருக்கும் காரில் மொழி தெரிந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று பார்த்தால், அந்தப் பிரிவினை நினைப்பதுபோல் எளிதாக இராது.

ஆகவே உங்கள் குடும்பத்துக்கு முன்பதிவே சரி. விடுதியின் கார், இணையதளத்தின் கார் இரண்டில், சற்று விலை கூடினாலும் போகும்போது விடுதியின் காரையே எடுங்கள். காரணம் பொறுப்பு. விமானம் தாமதமானால், வண்டி பழுதானால், ஓட்டுநர் தொலைபேசியை எடுக்காவிட்டால், உங்கள் அறையைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும் விடுதிக்காரருக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் அக்கறை இருக்கிறது. இணையதளங்கள் பெரும்பாலும் இடைத்தரகர்கள் மட்டுமே. பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை உள்ளூர் வண்டிக்காரர் ஒருவருக்கு மாற்றிவிடுகிறார்கள், அவர் பெயரும் எண்ணும் பதிவுச் சீட்டின் அடியில்தான் இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் பயணத்துக்கு முதல் நாள் அந்த உள்ளூர்க்காரரையே நேரில் அழைத்துப் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று, இணையதளம் காட்டும் குறைந்த விலை ஒரு காருக்கா, ஒரு தலைக்கா என்று பாருங்கள். பலரைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு விடுதி விடுதியாக இறக்கிச் செல்லும் வேனின் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றும், தனி வண்டியின் கட்டணம் வண்டிக்கு இவ்வளவு என்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். ஆறால் பெருக்கிய பின்தான் மலிவானது எது என்று தெரியும்.

விடுதியுடன் பேசும்போது தொகையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது காத்திருப்பு நேரம். எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள், அந்த நேரம் விமானம் உண்மையில் தரையிறங்கியதிலிருந்து தொடங்குகிறதா, சீட்டில் அச்சிட்ட நேரத்திலிருந்தா? இரண்டாவது வகையானால், விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகும்போது நீங்கள் இறங்கும் முன்பே காத்திருப்புக் கட்டணம் ஓடத் தொடங்கியிருக்கும். ஆதலால் பதிவு செய்யும்போது நேரத்தை மட்டும் தராமல் விமான எண்ணையும் தாருங்கள்; எண் இருந்தால் தாமதத்தை அவர்களே பார்த்துக்கொள்ள முடியும். வாகன நிறுத்தக் கட்டணம், வரி, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகைதானா என்பதையும் கேட்டு, பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட தொகை வரவேற்பறையில் ஆள் மாறினால் மாறிவிடும்.

நீங்கள் அனுப்பும் செய்தியும் ஒரே செய்தியாக இருக்கட்டும். பயணியின் பெயர், தேதி, விமான எண், இறங்கும் விமான நிலையத்தின் பெயர், பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் இருவர், பெரிய பெட்டி இத்தனை, விடுதியின் முழுப் பெயர், ஊர், தொலைபேசி எண். விமான நிலையத்தின் பெயரைக் குறிப்பிடாமல் ‘கோவா விமான நிலையம்’ என்று மட்டும் எழுதுவது பெரும் குழப்பத்துக்கு வழி. வண்டி ஒரு நிலையத்திலும் நீங்கள் மற்றொன்றிலும் நின்றால் இடையில் இரண்டு மணி நேரப் பயணம் இருக்கிறது. கடற்கரைப் பெயர்களும் அப்படித்தான். கண்டோலிம் வடக்கில், கவெலோசிம் தெற்கில்; அவசரத்தில் சொன்னால் தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். பாலோலெமுக்கு அடுத்தே பத்னெம் இருக்கிறது, ஒத்த பெயருள்ள விடுதிகள் இரண்டிலும் உண்டு. இருப்பிடக் குறியை வரைபடச் செயலியிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மேலும், பாலோலெமில் கடற்கரையை ஒட்டிய பல குடில்களின் வாசல்வரை கார் செல்லாது. இறங்கிய இடத்திலிருந்து பெற்றோர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பெட்டிகளை எடுத்துச் செல்ல ஆள் வருமா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

வண்டியின் அளவில் நம்மவர்கள் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். ‘ஏழு பேர் அமரும் வண்டி’ என்று சொல்லி எர்டிகா அனுப்புவார்கள். ஆறு பேர் அமர வேண்டுமானால் அதன் கடைசி வரிசையை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியபின் பின்னால் மிஞ்சும் இடம் 209 லிட்டர். பெரிய பெட்டி ஒன்றே ஏறக்குறைய 90, 100 லிட்டர் கொள்ளும் என்பதால், இரண்டு பெட்டி வைத்ததும் கதவை அழுத்தி மூட வேண்டியிருக்கும். மூன்றாவது பெட்டி பிள்ளையின் காலடிக்கு வரும். இன்னோவா கிறிஸ்டாவில் நிலைமை சற்றே மேல், அவ்வளவுதான். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மேலே கேரியர் உள்ள இன்னோவா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது சக்கரம் வைத்த விறைப்பான பெட்டிகளைக் குறைத்து, மடங்கிக் கொடுக்கும் துணிப் பைகளாக எடுத்துச் செல்லுங்கள். வண்டி வந்தவுடன் பதிவெண் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது நம் ஊரில் சொல்லும் ஓன் போர்டு வண்டி. வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே போதும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டி. அதில் ஓட்டுநர் அமர்ந்து உங்களை அழைக்க வந்தால் ஏறாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விடுதியின் எண்ணைத் தேடுபொறியில் முதலில் வரும் எண்ணாக எடுக்காதீர்கள். அறைப் பதிவுச் சீட்டில் உள்ள எண்ணையே அழையுங்கள். விடுதிகளின் பெயரில் போலி எண்களைப் பரப்பி, காருக்கு முன்பணம் என்று யூபிஐ வழியாக வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயர் விடுதியின் பெயராகவோ அதை நடத்தும் நிறுவனத்தின் பெயராகவோ இருக்க வேண்டும். யாரோ தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி விசாரியுங்கள். முழுத் தொகையையும் முன்னதாகக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அறைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் பல விடுதிகள் ஒப்புக்கொள்ளும். பணம் போய்விட்டது என்று தெரிந்த மறுகணமே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள், ஏனெனில் தொகை வேறு கணக்குக்கு மாறுமுன் முடக்குவதற்குத்தான் அந்த எண் இருக்கிறது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓட்டுநர்கள் கொங்கணி, இந்தி, மராத்தி பேசுவார்கள், ஆங்கிலமும் ஓரளவு வரும். காணகோணவுக்குக் கர்நாடகத்தின் கார்வார் பக்கம் என்பதால் தெற்கில் கன்னடம் புரிந்தவர்களும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவு வைத்திருக்கும் நம் குடும்பங்களில் கன்னடம் தெரிந்த ஒருவராவது இருப்பார். இந்தி வரவில்லையே என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கார்வார் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: பெங்களூருவிலிருந்து கார்வாருக்கு இரவில் செல்லும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால், அங்கிருந்து பாலோலெம் 40 கிலோமீட்டருக்குள்தான். மோபாவைவிட எவ்வளவோ பக்கம். விமானத்தில் செல்ல வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படாவிட்டால் நான் அதையே சொல்லியிருப்பேன்.

திரும்பும் பயணத்துக்கு விடுதியின் கார் கட்டாயமில்லை. போன இடத்தில் இரண்டொரு நாள் சுற்றிப் பார்க்க ஒரு டாக்சி எடுப்பீர்கள். ஓட்டுநர் நிதானமானவராக இருந்தால் அவரிடமே பேசி முடித்துக்கொள்ளலாம், தொகையும் குறையும். ஆனால் நேரத்தை நீங்களே கணக்கிடுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பு தபோலிமில் இருக்கும்படியும், வழிக்கு இரண்டு மணி என்றும் வைத்து, மொத்தம் நான்கு மணி நேரம் முன்னதாக விடுதியை விட்டு இறங்குங்கள். ஓட்டுநர் ‘ஒன்றரை மணி போதும்’ என்பார். அது அவர் தனியாக ஓட்டும் கணக்கு. டிசம்பர் 20க்குப் பிறகு கூட்டமும் கட்டணமும் ஏறத் தொடங்கும். நீங்கள் இரண்டாம் வாரத்தில் போவதால் அதிலிருந்து தப்பிக்கிறீர்கள்.

கடைசியாக நம் பக்கத்துக் கார். சேலம் விமான நிலையம் உங்களுக்கு அருகில் இருந்தாலும் அங்கிருந்து கோவாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது வரும்வரை நமக்குத் தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையம்தான். பாலக்கோட்டிலிருந்து நீங்கள் கிருஷ்ணகிரிக்கு வரவே வேண்டாம், இராயக்கோட்டை வழியாக நேரே ஓசூர் சென்றுவிடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். காலை எட்டு முதல் பதினொரு மணிவரை அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக நகரைக் கடப்பது பெரும்பாடு. பிற்பகல் ஒன்றரை மணி விமானம் என்றால் காலை ஆறரைக்குப் புறப்படுங்கள். நகரத்தைத் தவிர்க்க விரும்பும் ஓட்டுநர்கள் ஓசூரிலிருந்து மாலூர், ஒசகோட்டை சென்று வட்டச் சாலையில் ஏறித் தேவனஹள்ளிக்குப் போகிறார்கள். கிலோமீட்டர் கூடும், நேரம் ஏறக்குறைய உறுதி. டிராவல்ஸில் பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, ஒரு வழி டிராப் கணக்கா, டிரைவர் பேட்டா, டோல் யார் பொறுப்பு என்று கேட்பதோடு, வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் எல்லையில் கட்ட வேண்டிய கர்நாடக வரி உங்கள் தலையில் விழும். எந்த முனையம் என்பது சீட்டில் இருக்கும். ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது பெட்டிகள் கைக்கு வந்தபின் அவரை அழைத்தால் போதும். பயணிகளை ஏற்றும் வரிசையில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க விடமாட்டார்கள்.